எம்ஜிபி ரோட்ஸ்டர்: அந்தக் கால இதழா, இன்றைய கிளாசிக் கார் இதழா?

எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் பிரியர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. 1962 முதல் 1980 வரை கார் விற்பனையில் இருந்தபோது வந்த சோதனை ஓட்டக் கட்டுரையை வாங்குவதா, இப்போது வரும் சிறப்புக் கட்டுரையை வாங்குவதா?

ஓட்டம்
பழசு: புதுக் காரை ஓட்டி அளந்த வேகம், பெட்ரோல் கணக்கு. (கம்பெனியே தயார்செய்து அனுப்பிய கார் என்றால் கொஞ்சம் தள்ளுபடி செய்து படிக்கலாம்.)
புதுசு: வர்ணனை அதிகம், எண்கள் குறைவு.

துரு
பழசு: பேச்சே இருக்காது.
புதுசு: கொடுத்த காசு இங்கேதான் வசூலாகும். இந்தக் காருக்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்கு அடியில் ஓடும் சில் பகுதிதான் கூரையில்லாத பாடியைத் தாங்குகிறது. அது உள்ளே அரித்தால் நடுப்பகுதி தொய்ந்து, கதவின் மேல்பக்க இடைவெளி குறுகிவிடும். உருப்படியான கட்டுரை இதைக் குளோசப் படத்தோடு காட்டும்.

அசல் தன்மை
பழசு: 1964 கடைசியில் ஐந்து பேரிங் என்ஜின் (சுழல்தண்டை ஐந்து இடத்தில் தாங்குவது), 1974இல் ரப்பர் பம்பர் என்று மாறியது, எந்த ஆண்டில் எது என்பதற்கு நேர்ச்சாட்சி. விளம்பரப் பக்கங்களையும் விடாதீர்கள்.
புதுசு: படத்தில் மினுக்குவது பெரும்பாலும் புதுப்பித்த கார். பாடியே புதிதாகக் கிடைக்கிறதே!

விலை நிலவரம்
பழசு: வெறும் சரித்திரம்.
புதுசு: சீக்கிரம் காலாவதியாகும்.

கார் வாங்கப் போகிறவர் புதுசை எடுக்கட்டும். வாங்கியதை அசல்போல மாற்ற நினைப்பவருக்குத் தன் காரின் ஆண்டில் வந்த பழைய இதழ்தான் சரி. சும்மா ரசிக்கவா? என் ஓட்டு பழசுக்கே.