குழிவிரியனைப் படமெடுக்க எந்த லென்ஸ்: 100 மேக்ரோவா, 100-400 டெலியா?

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிளம்புகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான். ஒரு லென்ஸ் வாங்கத்தான் காசு இருக்கிறது. மலபார் குழிவிரியன் என்ற விஷப்பாம்பை எடுக்க, கிட்டப் போய்ச் சின்னதைப் பெரிதாகக் காட்டும் 100 மி.மீ. மேக்ரோ நல்லதா, தள்ளி நின்று தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 100-400 மி.மீ. டெலி ஜூம் நல்லதா?

டெலிதான். சில வருடங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் மேக்ரோ என்று சொல்லியிருப்பேன்.

மேக்ரோவின் பலம் பெரியது. பாம்பின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் குழி, செதில் விளிம்பில் நிற்கும் மழைத்துளி, பகலில் நூல்போல ஒடுங்கிய கண்மணி, எல்லாம் அவ்வளவு துல்லியமாக வரும். எஃப்/2.8 வரை திறந்து நிறைய ஒளியை உள்ளே விடும் என்பதால் சோலைக்காட்டு இருட்டிலும் ஃபோகஸ் எளிது. எடை 600 கிராம் சொச்சம். அட்டை ஏறும் பாதையில் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் கை வலிக்காது.

சிக்கல் தூரத்தில் இருக்கிறது. 1:1 அளவில், அதாவது பொருள் தன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழும்படி, எடுக்க வேண்டுமென்றால் பொருளுக்கும் கேமரா சென்சாருக்கும் இடையில் சுமார் 30 செ.மீ.தான் இருக்கும். கேமராவும் லென்ஸும் பிடிக்கும் நீளத்தைக் கழித்தால் லென்ஸ் முனையிலிருந்து பாம்புக்கு 13 அல்லது 14 செ.மீ., அரைச் சாணுக்குக் கொஞ்சம் மேல். குழிவிரியன் தன் உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை எட்டிக் கொத்தக்கூடியது. இமைக்கும் நேரத்துக்குள் அது முடிந்துவிடும், பின்வாங்க அவகாசமே கிடையாது. போதாக்குறைக்கு, அந்தக் குழி வெப்பத்தை உணரும் உறுப்பு. கும்மிருட்டிலும் நம் கையும் முகமும் அதற்குக் கனன்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று. குழிவிரியன் பதுங்கியிருந்து இரை பிடிக்கும் பாம்பு. ஒரே கிளையில் நாள்கணக்கில் அசையாமல் இருக்கும். ஆள் வந்தாலும் சட்டென்று ஓடாது. அதைப் பார்த்து ‘சாதுவான பாம்பு’ என்று நினைத்து நாம் இன்னும் ஒரு அடி நெருங்குகிறோம். மேக்ரோ கையில் இருந்தால் அந்த ஒரு அடி ரொம்பச் சுலபமாக நடந்துவிடுகிறது.

எனக்கும் நடந்தது. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரம், விடாத தூறல். இலை பறிக்க வந்த ஒரு அம்மா, நடைபாதையோரக் கிளையில் மஞ்சளும் பழுப்புமாகச் சுருண்டு கிடந்ததைக் காட்டினார். “முந்தாநேத்துல இருந்து அங்கனயேதான் இருக்கு தம்பி. ரொம்பக் கிட்டப் போகாதீங்க, நாளைக்கும் நாங்க இந்த வழியாத்தான் நடக்கணும்.” நான் மேக்ரோவோடு மண்டியிட்டேன். நாலைந்து படம் எடுத்திருப்பேன். கழுத்து எஸ் வடிவில் பின்னுக்கு வளைந்தது, வால் நுனி நடுங்கியது. நான் எழுந்து விலகுவதற்குள் அது கிளையை விட்டு இறங்கி, பாதையை ஒட்டிய தேயிலைச் செடிகளுக்குள் போய்விட்டது. அதுவரை எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் இருந்த பாம்பு, என்னால் யாருக்கும் தெரியாத இடத்துக்குப் போனது. அன்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் கணக்கை மாற்றியது அந்தக் காலைதான்.

சரி, டெலிக்கு வருவோம். இன்றைய 100-400 ஜூம்கள் பலவும் ஒரு மீட்டர் வாக்கில் ஃபோகஸ் ஆகின்றன. 0.3 மடங்கு உருப்பெருக்கம் கிடைத்தால் பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 12 செ.மீ. அகலப் பரப்பு சட்டத்தை நிரப்பும். தலையும் ஒரு சுருளும் அதில் அடங்கும். நான் அந்த எல்லைக்கும் போவதில்லை. ஒன்றரை மீட்டர் தள்ளியே நின்றுவிடுவேன், மிச்சத்தைக் கணினியில் வெட்டிக்கொள்ளலாம். இரண்டரை மீட்டருக்குப் பின்வாங்கி ஜூமை 100 மி.மீ.க்குத் திருப்பினால் கிளை, பாசி, மழை எல்லாம் சேர்ந்து வரும். பாம்பு எங்கே வாழ்கிறது என்று சொல்லும் அந்தப் படம்தான் எனக்குத் தலையின் குளோசப்பைவிட முக்கியம்.

குறைகளும் உண்டு. எடை ஒன்றரை கிலோ. 400-ல் எஃப்/5.6 என்பதால் ஒளி குறைவாகத்தான் உள்ளே வரும், காட்டுக்குள் கையில் பிடித்து எடுத்தால் ஆடும். ஆனால் எடுப்பது அசையாத பாம்பை. முக்காலியில் வைத்து, 2 விநாடி டைமர் போட்டு, 1/15 நொடியில் எடுத்தால் சென்சாரின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியதில்லை. நாக்கை நீட்டும்போது மட்டும் படம் கலங்கும். ஃபிளாஷ் நான் போடுவதில்லை. பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடிக்கொள்ள அதற்கு வழியில்லை.

தரையில் சருகோடு சருகாகக் கிடக்கும் கூன்மூக்கு விரியனுக்கு மேக்ரோ ஆசை இன்னும் அதிகமாக வரும், ஏனென்றால் பாம்பு சின்னது. அங்கே மண்டியிடவே கூடாது. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். கூன்மூக்கனின் விஷத்தை அது முறிக்காது, அந்த விஷமோ சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. நாகம், கண்ணாடி விரியன், ராஜநாகம் என்று வந்தால் ஒப்பீடே தேவையில்லை; டெலியும் நல்ல இடைவெளியும்தான்.

இரண்டுக்கும் நடுவே 180 மி.மீ. மேக்ரோ என்று ஒன்று உண்டு. பழைய சந்தையில் தேடினால் கிடைக்கும். 1:1-க்கு சென்சாரிலிருந்து 48 செ.மீ. வரை கிடைக்கிறது. பரவாயில்லை, ஆனால் விரியனுக்கு அதுவும் போதாது. மொபைலைப் பற்றி ஒரே வரி: அதன் மெயின் லென்ஸ் அகலக் கோணத்தில் பார்ப்பது, முகத்தைக் கொண்டுபோய் வைக்கச் சொல்லும், வேண்டாம். கொக்கியால் பாம்பைத் தூக்கி அழகான கிளையில் வைத்து எடுப்பவர்களோடு நான் போவதே இல்லை. அனுமதியில்லாமல் காட்டுப் பாம்பைப் பிடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அப்புறம் அந்தப் படத்தில் தெரிவது மிரண்ட பாம்பு.

என் மேக்ரோவை விற்கவில்லை. அதே தோட்டத்து ஓடையோரத்தில் புதர்த்தவளைகளுக்காக அது வெளியே வரும். குழிவிரியன் கண்ணில் பட்டால் பைக்குள் போய்விடும்.