எல்எல்-37 பெப்டைட் வாங்கி ஓட்டிப் பாத்தேன்: சரக்கு சுத்தம், லேபிள் தான் கவுத்துடுச்சு

எல்எல்-37ங்குறது பாக்டீரியாவக் கொல்ல நம்ம உடம்பு செய்யிற பெப்டைட், அதாவது சின்ன புரோட்டீன் துண்டு. அத லேப்ல செஞ்ச சிந்தெடிக் வடிவத்துல வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்காக எழுதுறேன், அதுலயும் பாக்டீரியாவோட மேல்பரப்புல இருக்குற ஒரு புரோட்டீன எடுத்துட்டா அது பெப்டைடுக்கு சீக்கிரம் சாகுதான்னு பாக்குறவங்களுக்கு. சும்மா கொல்லுதா இல்லையான்னு மட்டும் பாக்கணும்னா எந்தக் குப்பி வாங்குனாலும் வேலை நடந்துடும். ஆனா மேல்பரப்பு புரோட்டீனால வர்ற வித்தியாசம் பெரும்பாலும் ரெண்டு மடங்கு, நாலு மடங்கு தான், அதாவது குழிக்குக் குழி பெப்டைட பாதியா கொறைச்சுக்கிட்டே போற ப்ளேட்ல ஒண்ணு ரெண்டு குழி (கிணறுன்னு சொல்லுவோம்) தள்ளிப் போறது. அந்த ஒரு கிணற நம்பித்தான் முழு முடிவும் நிக்குது, அதனால குப்பிக்குள்ள நெஜமா எவ்வளவு பெப்டைட் இருக்குங்குறது எனக்கு ரொம்ப முக்கியம்.

கம்பெனி பேர் போடல, ஆர்டர் குடுத்தா செஞ்சு அனுப்புற கம்பெனி ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. 95 சதவீத ப்யூரிட்டி கேட்டேன், கூடவே அதே அமினோ அமிலங்கள வரிசை மாத்தி அடுக்குன ஸ்க்ராம்பிள்ட் பெப்டைடும் கேட்டேன். ரெண்டும் சொன்ன தேதிக்கு வந்துச்சு, பேக்கிங் நல்லா இருந்துச்சு, எச்பிஎல்சி (கலவைய பிரிச்சுக் காட்டுற டெஸ்ட்) படத்துல ஒரே ஒரு கூர்மையான பீக், மாஸ் ஸ்பெக் (மூலக்கூறோட எடை பாக்குற டெஸ்ட்) 4493 டால்டன் கிட்ட சரியா உக்காந்துருந்துச்சு. சரக்கோட தரத்துல எனக்கு எந்தக் குறையும் இல்ல.

குறை என்னன்னா லேபிள்ல 1 மில்லிகிராம்னு போட்டுருக்கு, அது பொடியோட எடை, பெப்டைடோட எடை இல்ல. ப்யூரிட்டி 95ன்னா இருக்குற பெப்டைடுகள்ல 95 பங்கு நம்ம பெப்டைட்னு தான் அர்த்தம், பொடில பெப்டைட் எவ்வளவு, உப்பு எவ்வளவு, ஈரம் எவ்வளவுன்னு அந்த நம்பர் சொல்லாது. எல்எல்-37ல லைசின் 6, ஆர்ஜினின் 5 இருக்கு, முன் முனையையும் சேத்தா பாசிட்டிவ் சார்ஜ் எடுக்குற இடம் மொத்தம் 12, கம்பெனி சுத்தப்படுத்துறப்போ டிஎஃப்ஏங்குற அமிலத்த உபயோகிக்கிறதால ஒவ்வொரு இடத்துலயும் ஒரு டிஎஃப்ஏ ஒட்டிக்க வாய்ப்பிருக்கு. ஒரு டிஎஃப்ஏ 114 டால்டன், 12 இடமும் நெறஞ்சா 1368, அப்போ பொடில கிட்டத்தட்ட 23 சதவீதம் அந்த உப்பு மட்டுமே, அது போக தண்ணி வேற. நெட் பெப்டைட் கன்டென்ட்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அமினோ அமில அனாலிசிஸ் பண்ணி இந்தக் கணக்க சொல்லிடுவாங்க, ஆனா நாமளா கேட்டாத்தான் பண்றாங்க. நான் கேக்கல.

அதுல எப்படி மாட்டுனேன்னு சொல்றேன். நான் ஓட்டுனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ், ஒண்ணு இயல்பான ஸ்ட்ரெய்ன், இன்னொண்ணு எம்1ங்குற மேல்பரப்பு புரோட்டீனோட ஜீன நீக்குன மியூட்டன்ட். ரெண்டையும் முதல் குப்பில ஓட்டுனேன், மியூட்டன்ட் ரெண்டு கிணறு முன்னாடியே செத்துச்சு, எதிர்பாத்தது தான், சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் மியூட்டன்டுக்கு அந்த ஜீன பிளாஸ்மிட்ல (தனியா நகலெடுத்துக்குற சின்ன டிஎன்ஏ வளையம்) திருப்பிக் குடுத்த ஸ்ட்ரெய்ன் ரெடியாச்சு, அதுக்குள்ள முதல் குப்பி தீந்து ரெண்டாவது பேட்ச் வந்துருந்துச்சு, அதுல ஓட்டுனேன். பாத்தா ஒரிஜினல் ஸ்ட்ரெய்ன விடவே ஒரு கிணறு அதிகமா தாங்குது. பிளாஸ்மிட்ல காப்பி அதிகம், அதனால மேல்பரப்புல எம் புரோட்டீன் அதிகம், அதனால தாங்குதுன்னு கேக்க அழகா ஒரு கதை கூட ரெடி பண்ணிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு எதுக்கும் இருக்கட்டும்னு ஒரிஜினல் ஸ்ட்ரெய்னையும் புது குப்பில ஓட்டுனா, அதுவும் ஒரு கிணறு தள்ளிப் போயிருக்கு! மாறுனது பாக்டீரியா இல்ல, குப்பி. கம்பெனிக்கு மெயில் போட்டு ரெண்டு பேட்சுக்கும் நெட் கன்டென்ட் கேட்டு வாங்குனேன், ரெண்டாவதுல பெப்டைட் நல்லாவே கம்மி. மரியாதையா பதில் சொன்னாங்க, அதுல குறை இல்ல, ஆனா முதல்லயே லேபிள்ல போட்டுருந்தா என் ரெண்டு வாரம் மிச்சம். ஒரே குப்பில எல்லா ஸ்ட்ரெய்னையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டுனா இந்தத் தப்பு தானா அடிபட்டுப் போயிடும், பேட்ச் மாறுறப்போ தான் ஆபத்து.

எம் புரோட்டீன் பத்தி கொஞ்சம் சொல்லணும், நான் இந்த வேலைல இவ்வளவு பிடிவாதமா இருக்குறதுக்கு அது தான் காரணம். எல்எல்-37 நம்ம உடம்பே செய்யிற பெப்டைட், 37 அமினோ அமிலம், ஆரம்பத்துல ரெண்டு லியூசின், அதான் அந்தப் பேரு. நெட் சார்ஜ் ப்ளஸ் 6, பாக்டீரியாவோட மெம்பரேன் (செல்ல சுத்தியிருக்குற சவ்வு) நெகட்டிவ், அதனால இழுத்துக்கிட்டுப் போய் ஒட்டி மெம்பரேன கிழிச்சுடும். மேல்பரப்பு புரோட்டீன்னா சார்ஜ மாத்தித்தான் தப்பிக்கும்னு நான் ரொம்ப நாள் நெனச்சுட்டிருந்தேன், ஸ்டாஃபிலோகாக்கஸ்ல செல் சுவர்ல இருக்குற டைகோயிக் அமிலத்துல டி-அலனின் ஒட்ட வெச்சு நெகட்டிவ கொறைக்கிற மாதிரி. எம் புரோட்டீன் அப்படி இல்ல, அது பெப்டைட புடிச்சு வெச்சுக்குது. ரெண்டு புரி முறுக்குன கயிறு மாதிரி செல்லுக்கு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும், எம்1 வகை எல்எல்-37அ வழிலயே மடக்கி மெம்பரேன் கிட்ட போக விடாம பண்ணுதுன்னு 2015ல காட்டுனாங்க. 2022ல எம்87 வகையோட கட்டமைப்பு வந்துச்சு பாருங்க, அங்க கயிறோட முறுக்கே தளந்து உள்ள மறைஞ்சிருக்குற எண்ணெய்த்தன்மை உள்ள பகுதி வெளிய வந்து பெப்டைடோட எண்ணெய்ப் பக்கத்த புடிச்சுக்குது. ப்ளஸ் மைனஸ் கதையா மட்டும் பாத்தா இது கண்ணுலயே படாது. இந்த பாக்டீரியால எம் வகை 200க்கும் மேல இருக்கு, எல்லாமே இந்தப் பெப்டைட புடிக்கும்னு எடுத்துக்கக் கூடாது, அதனால எந்த வகை வெச்சு ஓட்டுறோம்னு கண்டிப்பா சொல்லணும்.

ஸ்க்ராம்பிள்ட் பெப்டைடுக்கு கூடுதலா செலவு பண்ணதுல எனக்கு துளி வருத்தமும் இல்ல. சார்ஜ் அதே, எடை அதே, ஆனா ஹெலிக்ஸா சுருளுறப்போ ஒரு பக்கம் எண்ணெய், இன்னொரு பக்கம் சார்ஜ்னு பிரியுற அமைப்பு கலைஞ்சு போயிடும். என் ப்ளேட்ல ரெண்டு ஸ்ட்ரெய்னும் அதுல நல்லா வளந்துச்சு, வெறும் சார்ஜ் மட்டும் கொல்லலங்குறதுக்கு எனக்கு வேற சாட்சி தேவைப்படல.

இன்னொரு பிரச்சனை ப்ளேட். கம்பெனி குடுத்த தாள்ல இதப் பத்தி ஒரு வரி கூட இல்ல. சாதாரண பாலிஸ்டைரீன் ப்ளேட்ல பாசிட்டிவ் பெப்டைட் சுவர்லயே ஒட்டிக்கும், கான்சன்ட்ரேஷன் கொறையக் கொறைய ஒட்டிப் போற பங்கு பெருசாயிட்டே போகும், நமக்கு வித்தியாசம் தெரிய வேண்டியதே அந்தக் கீழ்ப்பக்கக் கிணறுகள்ல தான். பாலிப்ரோப்பிலீன் ப்ளேட் தான் எடுக்கணும், டைல்யூஷன 0.01 சதவீத அசிட்டிக் அமிலத்துல 0.2 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தத்துல இருக்குற ஒரு புரோட்டீன்) சேத்து போடணும். ஸ்டாக் கரைக்க உப்புக் கரைசல் வேண்டாம், சுத்தமான தண்ணி போதும், உப்பு இருந்தா இந்தப் பெப்டைட் ஒண்ணோட ஒண்ணு சேந்துக்கும். குப்பிய ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த உடனே திறக்காதீங்க, அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லன்னா பொடி ஈரத்த இழுத்துடும்.

பாக்டீரியா பக்கமும் கவனிக்கணும். ஸ்பீபின்னு ஒரு புரோட்டியேஸ் (புரோட்டீன வெட்டுற என்சைம்) இருக்கு, இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ச்சியோட கடைசி கட்டத்துல தான் அத அதிகமா விடும், அது எல்எல்-37ஐயும் வெட்டும், எம் புரோட்டீனையும் செல்லுலேர்ந்து வெட்டி எடுத்துடும். ராத்திரி முழுக்க வளத்த கல்ச்சர அப்படியே போட்டா எத அளக்குறோம்னே சொல்ல முடியாது, நடு லாக் கட்டத்துல, அதாவது வேகமா பெருகிட்டிருக்குறப்போ எடுத்து கழுவிப் போடுங்க. ஈ.கோலைல ஓட்டுறவங்க பிஎல்21 (லேப்ல புரோட்டீன் செய்ய உபயோகிக்கிற ஸ்ட்ரெய்ன்) கையில இருக்குன்னு அத எடுத்துடாதீங்க, அதுல ஓம்ப்டி கிடையாது. ஓம்ப்டி வெளி மெம்பரேன்ல உக்காந்துருக்குற புரோட்டியேஸ், பக்கத்துல பக்கத்துல ரெண்டு பாசிட்டிவ் அமினோ அமிலம் வர்ற இடத்துல வெட்டும், எல்எல்-37ல அப்படி இடம் இருக்கு. அது இல்லாத ஸ்ட்ரெய்ன வெச்சு ஈ.கோலை இவ்வளவு தான் தாங்கும்னு எழுதுனா தப்பாயிடும்.

எல்லா மேல்பரப்பு புரோட்டீனும் பாக்டீரியாவ காப்பாத்துதுன்னும் இல்ல. லிஸ்டீரியால மேனோஸ் சர்க்கரைய உள்ள இழுக்குற பிடிஎஸ் புரோட்டீன் தான் பீடியோசின் மாதிரி பாக்டீரியோசினுக்கு (ஒரு பாக்டீரியா இன்னொண்ணக் கொல்ல விடுற பெப்டைட்) பிடிமானம், அந்தப் புரோட்டீன் கொறைஞ்சா பாக்டீரியா தப்பிச்சுக்கும். அந்த வகை பெப்டைட் வாங்குறவங்களுக்கு மியூட்டன்ட் ரிசல்ட் தலைகீழா தான் வரும், ப்ளேட் மாறிப் போச்சோன்னு பயந்துடாதீங்க.

பெப்டைடுக்கு 5க்கு 4 குடுப்பேன், கூட வந்த தகவலுக்கு 2 தான். இன்னொரு தடவ அங்கயே ஆர்டர் போட்டுட்டேன், இந்த முறை டிஎஃப்ஏ உப்ப அசிடேட் உப்பா மாத்தித் தரச் சொல்லி, ஏன்னா டிஎஃப்ஏ மிச்சம் செல் வளர்ச்சியையே பாதிக்கலாம், நெட் கன்டென்ட் ரிப்போர்ட் இல்லாம அனுப்ப வேண்டாம்னும், மொத்தத்தையும் ஒரே பேட்ச்லேர்ந்து சின்ன சின்ன குப்பியா பிரிச்சு அனுப்பச் சொல்லியும் எழுதிக் குடுத்தேன். மூணுக்கும் சரின்னு சொல்லிருக்காங்க. குப்பி வந்ததும் முதல்ல ஓட்டப் போறது மூணு ஸ்ட்ரெய்னையும் ஒரே ப்ளேட்ல.