அம்மாவின் 485,000 ரூபாய்: மலையகத்தில் உலவும் செயலி முதலீடு பற்றிய எச்சரிக்கை

முந்தாநாள் காலையிலிருந்து அந்தச் செயலி திறக்கவில்லை. திரையில் எங்கள் பெயருக்கு எதிரே மினுக்கிக்கொண்டிருந்த டொலர் கணக்கைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நாங்கள் கட்டிய காசு 485,000 ரூபாய். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் 31 வருடம் கொழுந்தெடுத்து விலகியபோது கிடைத்த சேமலாப நிதியிலும் சர்வீஸ் காசு எனும் பணிக்கொடையிலும், தகரக் கூரைக்கும் தங்கையின் கல்யாணக் கடனுக்கும் கொடுத்தது போக மிஞ்சியது அவ்வளவுதான். பெயரைப் போட்டால் வழக்கு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எனவே, டொலர் வணிகத்தில் மாதம் 10 சதவீத இலாபம் தருவதாகக் கூறும் ஒரு கைபேசிச் செயலி, நகரத்தில் துணிக்கடைக்கு மேலே ஓர் அலுவலகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதுவே போதும்.

அந்தக் காசு கைக்கு வந்த விதத்தைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் அம்மாவின் பெயர் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்ததால், சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு தோட்டக் கந்தோருக்கும் தொழில் திணைக்களத்துக்கும் ஒன்றரை வருடத்துக்கு மேல் நடந்தோம். அம்மா விலகிய 2023இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அந்தக் கணக்கில் 485,000 என்பது 485 முழுப்பேர், அதாவது 485 நாள் முழுச் சம்பளம். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடும் மலையில், அட்டைக்கடியோடு எடுத்த 485 பேர்.

நாங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே வட்டி இறங்கிவிட்டது. 2023 தொடக்கத்தில் ஒரு வருட நிலையான வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேல் தந்த வங்கிகள், எங்கள் காசு வந்த 2024 கடைசியில் 8 சதவீதத்தைச் சுற்றியே பேசின. அப்படியென்றால் மாதம் 3,200 ரூபாய் சொச்சம். அம்மாவின் சீனி வருத்த மருந்துக்கும் பஸ் காசுக்குமே அது சரியாகிவிடும். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான், அந்தச் செயலியில் காசு போடச் சொல்லி, எங்கள் கணித சேர் வீட்டுக்கு வந்தார்.

நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிய காலத்தில் மாலை வகுப்பில் கணிதம் படிப்பித்தவர் அவர். சதவீதம் என்றால் என்னவென்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து, உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே பிளேன்டீ குடித்தார். “அம்மா, பேங்க்காரன் ஒங்க காச வச்சு சம்பாதிச்சிட்டு ஒங்களுக்குச் சில்லறை தாறான்” என்றார். அம்மா எதுவும் சொல்லாமல் உள்ளே போய், மாப்பால் டின்னுக்குள் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்த வங்கிப் புத்தகத்தை எடுத்துவந்தார். அதை என் கையில் தரவில்லை, சேரின் கையில் கொடுத்தார்.

முதலில் 100,000 கட்டினோம். இரண்டு மாதம் பத்தாயிரம் பத்தாயிரமாக வந்தது. அம்மா ஒரு கம்பளி வாங்கினார். அதன்பிறகு மிச்சம் 385,000 ரூபாயையும் கட்டினோம். நிறுவனத்தின் கணக்கிலல்ல, மூன்று தனியாட்களின் கணக்குகளில். அப்போதே கேட்டிருக்க வேண்டும். அலுவலகச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் என் வாயை அடைத்துவிட்டது. “20,000 திரும்பி வந்ததுதானே, அதைக் கழித்துச் சொல்” என்று ஒரு நண்பர் நேற்றுச் சொன்னார். கழிக்க மாட்டேன். அந்த 20,000 யாரோ இன்னொருவருடைய அம்மாவின் காசு.

மூன்றாம் மாதம் பணம் வராதபோது, சேர்வர் மாற்றுகிறார்கள், ஒரு கிழமை பொறுங்கள் என்றார்கள். அடுத்த கிழமை, பணத்தை எடுக்க 15 சதவீத வரி, அதாவது 72,750 ரூபாய், முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றார்கள். வரியை இருக்கும் தொகையிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியதும், வட்ஸ்அப் குழுவில் நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய காசு என்றார்கள். பொலிஸில் ஒரு மேசையிலிருந்து மறுமேசைக்கு அனுப்பி, கடைசியில் கொழும்புக்குப் போய் முறைப்பாடு கொடுக்கச் சொன்னார்கள். கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் உழைப்பு போய்விடும் என்பது அந்த மேசைக்காரருக்குத் தெரியாததல்ல.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது சேர் சொன்ன வார்த்தை. “தம்பி, நீங்களும் ரெண்டு பேரச் சேர்த்துத்தான் கமிஷன் எடுத்தீங்க. பொலிஸுக்குப் போனா ஒங்களுக்கும்தான்.” உண்மை. என் மாமா மகனையும் கூட வேலை செய்யும் ஒருவரையும் நான்தான் சேர்த்தேன். வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, ஆள்மேல் ஆள் சேர்த்து அவர்கள் கட்டும் காசிலேயே ஓடும் பிரமிட் திட்டத்தை நடத்துபவரை மட்டுமல்ல, அதை ஊக்குவிப்பவரையும் பிடிக்கும். ஆள் சேர்த்தால் கமிஷன் என்று அவர்கள் வைத்திருப்பது வியாபாரம் பெருகுவதற்காக மட்டும் என்று நினைத்திருந்தேன். ஏமாந்தவன் ஒவ்வொருவனும் வாய் திறக்காமல் இருப்பதற்கும் அதுவே பூட்டு. சேர்த்த இருவரிடமும் நேற்று நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மாமா மகன் இன்னும் என்னோடு பேசவில்லை. அம்மாவுக்கு இதுவரை சேர்வர் கதைதான் தெரியும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. கம்பெனிப் பதிவுச் சான்றிதழ் என்பது வைப்பு வாங்குவதற்கான அனுமதி அல்ல. அந்த அனுமதியை மத்திய வங்கிதான் தர வேண்டும். மத்திய வங்கியின் தடைப் பட்டியலில் பெயர் இல்லை என்று காட்டினால் நம்பாதீர்கள், உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தனியாள் கணக்கில் காசு போடாதீர்கள். பணத்தை விடுவிக்க வரி கேட்டால் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறேன். கமிஷன் எடுத்ததையும் சேர்த்தே முறைப்பாட்டில் எழுதிவிட்டேன். அதே துணிக்கடை மாடியில் காசு கட்டியவர்கள் வங்கி ரசீதுகளை எடுத்துக்கொண்டு என்னோடு வரலாம்.