மால்கம் மெக்டொனால்ட்: அமைச்சரா, தூதரா?

பிரிட்டனின் முதல் தொழிற்கட்சிப் பிரதமர் ராம்சே மெக்டொனால்டின் மகனான இவரிடம், அமைச்சரைவிடத் தூதரையே எனக்குப் பிடிக்கிறது.

அமைச்சராக, 1938இல் அயர்லாந்துக்குத் துறைமுகங்களைத் திருப்பிக் கொடுத்த ஒப்பந்தத்தில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவர் வெளியிட்ட 1939 வெள்ளை அறிக்கை, அதாவது பிரிட்டிஷ் அரசின் கொள்கை அறிக்கை? பாலஸ்தீனத்தில் யூதர் குடியேற்றத்தை ஐந்தாண்டுக்கு 75,000 என்று சுருக்கியது. நாஜிகளிடமிருந்து தப்பி ஓடியவர்களுக்கு அந்த நேரத்தில் கதவடைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சரி, தூதர்? 1941இல் கனடா, அப்புறம் தென்கிழக்கு ஆசியா, 1955 முதல் 1960 வரை டெல்லி. கென்யாதான் உச்சம். 1963இல் கடைசி ஆளுநராகப் போனவர், கென்ய விடுதலை இயக்கத் தலைவர் ஜோமோ கென்யாட்டாவின் நம்பிக்கையைப் பெற்றார். இழுத்தடிக்காமல் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலை வந்தது. பிறகு அங்கேயே பிரிட்டிஷ் ஹை கமிஷனராகவும் இருந்தார்.