கல்லறைப் பட்டியல் யாருக்குச் சொந்தம்? யு.எஸ்.ஜென்வெப்பில் என் 11 வருடங்கள்

நான் வேலைக்காக அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் பார்க்கும் கண்ணாடியோடு எங்கோ கிளம்புவார். எங்கே என்று கேட்டேன். வந்து பார் என்று ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். மழையில் தேய்ந்த சுண்ணாம்புக் கல்லில் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடியைச் சாய்த்து வெயிலைப் பக்கவாட்டில் பாய்ச்சினால், செதுக்கிய பள்ளங்களில் நிழல் விழுந்து பெயர் மேலே எழும்பி வரும். (ஷேவிங் கிரீம் தடவிப் படிப்பவர்களும் உண்டு. கல் கெட்டுப்போகும், தயவுசெய்து வேண்டாம்.) அன்று படித்ததைத் தட்டச்சு செய்து யு.எஸ்.ஜென்வெப் என்ற வம்சாவளி இணையதளத்தில் ஏற்றினோம்.

1996இல் இதே கென்டக்கியில் தொடங்கிய திட்டம் அது. கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) ஒரு பக்கம், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலர். உயில், திருமணப் பதிவு, கல்லறைப் பட்டியல் எல்லாம் இலவசம். சில கவுண்டிகளில் குவிந்து கிடக்கும், சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. தேடல் வசதியும் சுமார்தான். ஆனாலும் வம்சாவளி தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இத்தனை வருடத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பதிப்புரிமை. வெயிலில் நின்று எழுதியது நான், அதனால் பட்டியல் என்னுடையது என்றுதான் நம்பியிருந்தேன். அமெரிக்கச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கான்சாஸ் மாநிலத்துத் தொலைபேசி டைரக்டரி ஒன்றைப் பற்றிய ஃபைஸ்ட் வழக்கில், உழைப்பு மட்டும் பதிப்புரிமை தராது, தகவல் யாருக்கும் சொந்தமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. கல்லில் இருக்கும் பெயரும் தேதியும் வெறும் தகவல். நான் எடுத்த புகைப்படமும், சொந்தமாக எழுதிய குறிப்பும் என்னுடையவை. பட்டியலை ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் தடுக்க முடியாது.

அதனால் வலிக்காமல் போகுமா? 2007 ஆகஸ்டில், சந்தா வாங்கி வம்சாவளித் தகவல் தரும் ஆன்செஸ்ட்ரி நிறுவனம், பலருடைய இலவசப் பக்கங்களின் நகல்களைத் திரட்டித் தன் சந்தாப் பகுதியில் வைத்தது. தன்னார்வலர்கள் கொதித்தெழுந்தார்கள். நிறுவனம் முதலில் அதை இலவசமாக்கியது, சில நாட்களில் முழுவதுமாக எடுத்துவிட்டது. நான் வருவதற்கு முன்பு நடந்தது. ஆனாலும் பழைய ஆட்கள் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் மாறும்.

என் அனுபவம் வேறு மாதிரி. ஒரு கல்லில் 1877 என்பதை 1871 என்று படித்து ஏற்றிவிட்டேன். ஒரு மாலை வெயிலில் மறுபடி பார்த்தபோது அந்த 7இன் மேல்கோடு தெரிந்தது. அன்றிரவே திருத்தினேன். அதற்குள் யாரோ என் பட்டியலை மூலம் சொல்லாமல் வேறொரு தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அங்கிருந்து பல குடும்ப மரங்களுக்கு 1871 பரவிவிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. யாருக்கு எழுதித் திருத்தச் சொல்வது? என் பெயர் போனதைவிட, திருத்தம் போய்ச் சேர வழியில்லாமல் போனதுதான் எனக்குப் பெரிய நஷ்டம்.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இரங்கல் செய்திகளில். செய்தித்தாளில் வந்ததை முழுதாகத் தட்டச்சு செய்து போட்டுவிடுகிறார்கள். அது ஒருவர் எழுதிய எழுத்து. வெளியாகி 95 ஆண்டு கடந்திருந்தால் கவலையில்லை. 1964க்கு முன் வந்தவற்றுக்கு 28ஆம் ஆண்டில் பதிப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும் என்ற விதி இருந்தது. பழைய கவுண்டி வரலாற்றுப் புத்தகங்கள் பல புதுப்பிக்கப்படாமலே விட்டுப்போனவை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் புதுப்பிப்புத் தரவுத்தளத்தில் தேடிப் பார்த்துவிட்டே தொடுவேன். சமீபத்திய இரங்கல் செய்தி என்றால் பெயர், தேதி, உறவுமுறை மட்டும் எடுத்து என் வார்த்தையில் எழுதி, பத்திரிகையின் பெயரையும் நாளையும் குறித்துவிடுகிறேன்.

சென்சஸில் இந்தச் சிக்கல் இல்லை, மத்திய அரசின் ஆவணத்துக்கு அங்கே பதிப்புரிமை கிடையாது. 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று வெளியானது. அதையே சந்தாத் தளத்திலிருந்து எடுத்தால் அவர்களுடைய பயன்பாட்டு நிபந்தனை குறுக்கே வரும். அது வேறு விஷயம், ஆனால் கவனிக்க வேண்டியது.

இப்போது ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் யார் படித்தது, எந்த நாளில், பிழை கண்டால் யாருக்கு எழுதுவது என்று போடுகிறேன். இலவசமாகப் பகிரலாம், இந்த மூன்று வரியும் கூடவே போகட்டும் என்றும் சேர்க்கிறேன். சட்டம் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் கேட்டால் பலர் மதிக்கிறார்கள்.

அப்புறம், பாட்டி. நான்கு வருடங்களுக்கு முன்பு காலமானார். அவர் விட்டுப்போனவை ஐந்து நோட்டுப் புத்தகங்கள். கல்லில் இருந்த தேதிகளோடு, ஓரத்தில் பென்சிலால் தன் ஞாபகங்களையும் எழுதியிருந்தார். ஒரு குழந்தையின் பெயருக்குப் பக்கத்தில், இதன் அம்மா வருடா வருடம் டாஃபடில் பூச்செடி நட்டாள் என்று ஒரு வரி. தேதி எல்லோருக்கும் பொது. அந்த வரி பாட்டியுடையது. அதன் உரிமை இப்போது பிள்ளைகளிடம், பாட்டி இறந்து 70 ஆண்டு வரை. அவருடைய மகனையும் மகளையும் நேரில் பார்த்து, பாட்டியின் பெயரோடு வெளியிடலாம் என்று எழுதி வாங்கிவிட்டேன். இரண்டு நோட்டு ஏறிவிட்டன. மூன்றாவதில் பாதிவரை தட்டச்சு செய்திருக்கிறேன்.