பாதம் நக்கும் நாய்க்கு மருந்து ஷாம்பு: எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

எங்கள் நாய் முன்னங்கால் பாதங்களை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. கால்நடை மருத்துவர் விரலிடுக்கில் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகியிருப்பதாகச் சொல்லி, குளோர்ஹெக்சிடின் 2 சதவீதமும் மைக்கோனசோல் 2 சதவீதமும் கலந்த ஷாம்புவை எழுதிக்கொடுத்தார். முதல் மருந்து பாக்டீரியாவுக்கு, இரண்டாவது ஈஸ்டுக்கு.

இந்த ஷாம்புவின் பலன் முழுவதும் ஊறும் நேரத்தில்தான் இருக்கிறது. தேய்த்த பின் 10 நிமிடம் தோலில் நிற்க வேண்டும் என்ற முக்கியமான குறிப்பைப் புட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருப்பது தயாரிப்பாளரின் பெரிய குறை. நுரை குறைவாக வருவதால் மேலும் மேலும் ஊற்றத் தோன்றும், அது வீண். பாதத்தை நனைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, அடிப்பட்டைகளுக்கு நடுவே உள்ள மடிப்பு வரை விரல் நுனியால் தேய்த்து, ஊறி முடியும்வரை நாய் அதை நக்காமல் பிடித்துக்கொள்வதுதான் உண்மையான வேலை. அலசிய பின் இடுக்குகளில் ஈரம் தங்கினால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம் என்பதால், துண்டால் ஒற்றி நன்றாக உலர்த்த வேண்டும்.

மருத்துவர் சொன்னபடி வாரம் இருமுறை குளிப்பாட்டி வந்ததில் புளித்த வாடையும் பிசுபிசுப்பும் முதலில் மறைந்தன, பின்பு சிவப்பும் தணிந்தது. துருநிறக் கறை மட்டும் போகவில்லை. அது உமிழ்நீரிலுள்ள நிறமி வெளிர் முடியில் ஏறியதால் வருவது. புதிய முடி வளரும்போதுதான் மாறும். ஆகவே கறையைக் கொண்டு ஷாம்புவைக் குறை சொல்வது நியாயமல்ல.

ஆனால் 'அரிப்பை நிறுத்தும்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது மிகை. தெள்ளுப்பூச்சிக் கடி, உணவு ஒவ்வாமை, சுற்றுப்புற ஒவ்வாமை ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் தோல் அரித்து, நாய் நக்கி நக்கி ஈரமாக்கிய இடத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கிருமிகள் குடியேறுகின்றன. ஷாம்பு அவற்றை விரட்டும். மூலகாரணம் அப்படியே இருந்தால் அவை திரும்பி வரும். மூட்டு வலியால் ஒரே இடத்தை நக்கும் நாய்க்கும், மணிக்கட்டில் முடி உதிர்ந்து தோல் தடித்துப் புண்ணாகும் வரை நக்கும் நாய்க்கும் இதை மட்டும் நம்பியிருப்பது காலவிரயம்.

கண்ணில் பட்டால் குளோர்ஹெக்சிடின் கருவிழியைப் பாதிக்கும். செவிப்பறை கிழிந்திருந்தால் கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். எனவே முகத்துக்கு ஈரத்துணியே போதும். பிடரியில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்தைப் பயன்படுத்துவோர், இந்தக் குளியலுக்கும் அதற்கும் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்று அம்மருந்தின் அட்டையில் பார்த்துக்கொள்வது நல்லது. பரிசோதனையில் ஈஸ்டோ பாக்டீரியாவோ உறுதியான நாய்க்குத் தயங்காமல் வாங்கலாம். பாதத்துக்கு மட்டும் என்றால் சிறிய புட்டியே தாராளம்.