கீபோர்டு போர்டை ஆர்கேட் என்கோடர் என்று விற்றார்கள்: ஜாய்ஸ்டிக் பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

போன ஏப்ரலில், மகளின் முழு ஆண்டு விடுமுறையை மனதில் வைத்து, கம்ப்யூட்டரில் செருகி இரண்டு பேர் ஆடும் ஆர்கேட் ஜாய்ஸ்டிக் பெட்டி ஒன்றைச் சொல்லிச் செய்ய வைத்தேன். விலை 7,200 ரூபாய். அதற்கு மேல் சர்வீஸ் என்ற பெயரில் இரண்டு தடவையாக 1,300 ரூபாய் வாங்கினார்கள். மொத்தம் 8,500 ரூபாய்க்கு என் வீட்டுக்கு வந்தது, ஒரு பழைய கீபோர்டின் உள்ளே இருக்கும் சின்ன போர்டும் அதில் தாறுமாறாக ஒட்டிய ஒயர்களும்தான். இதே மாதிரிப் பெட்டிகளை இப்போது நிறையப் பேர் செய்து விற்கிறார்கள். நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் விற்றவரின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை.

ஏன் ஆசைப்பட்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-களின் நடுவில் எங்கள் தெருமுனை வீடியோ கேம் கடையில் ஒரு டோக்கன் ஒரு ரூபாய். அங்கே எல்லாரும் ஆடியது 'முஸ்தஃபா'. அந்த ஆட்டத்தின் உண்மைப் பெயர் காடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், ஜப்பானின் கேப்காம் 1993-இல் வெளியிட்டது என்பதெல்லாம் பின்னால்தான் தெரியும். மஞ்சள் தொப்பிக்காரன் பெயர்தான் எங்களுக்கு ஆட்டத்தின் பெயர். என் தம்பியும் நானும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஆடியதை என் மகளும் தம்பி மகனும் ஆட வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

பெட்டி செய்து தரும் ஆளைத் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போனில் பேசினேன். "எந்த கேமும் ஓடும் சார், ரெண்டு பேர் தாராளமா ஆடலாம்" என்றார். வீடியோ ஒன்று அனுப்பினார். அதில் ஓடியது பேக்-மேன். ஒரே ஆள், ஒரே குச்சி, ஒரு நேரத்தில் ஒரே திசை. அந்த வீடியோ எதையும் நிரூபிக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. 4,000 முன்பணம் கொடுத்தேன். பெட்டி வந்த அன்று மீதியைக் கொடுத்து, பில்லும் கேட்டு வாங்கினேன். பில்லில் எழுதியிருந்தது: ஜாய்ஸ்டிக் 2, பட்டன் 16, யூஎஸ்பி ஆர்கேட் என்கோடர் 2, பெட்டி 1. என்கோடர் என்பது குச்சியும் பட்டனும் அழுத்தப்படுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் போர்டு. இந்தப் பில்தான் இன்றைக்கு என்னிடம் இருக்கும் பெரிய ஆதாரம். இரண்டு என்கோடர் என்றால் பொதுவாக இரண்டு யூஎஸ்பி ஒயர் வெளியே வரும், இல்லாவிட்டால் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்க்கும் ஹப் ஒன்று உள்ளே இருக்க வேண்டும். என் பெட்டியிலிருந்து வந்தது ஒரே ஒயர். அதை அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் ஒருவர் மட்டும் ஆடியபோது எல்லாம் சரியாக இருந்தது. மறுநாள் தம்பி மகன் வந்தான். என் மகள் குச்சியை வலது பக்கம் தள்ளினால் அவனுடைய ஆள் குத்துவிடுகிறான். அவன் குறுக்கே மேல் பக்கம் போனால் இவளுடைய குதிக்கும் பட்டன் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு பிள்ளைகளும் "நீதான் என் பட்டனை அமுக்கினே" என்று சண்டை. இதற்கு நடுவே கீச்சென்று ஒரு சத்தம் வந்து, ஆட்டம் மறைந்து, விண்டோஸ் ஏதோ ஒரு கேள்வி கேட்டு நின்றது.

போன் செய்தேன். "உங்க சிஸ்டத்துல வைரஸ் இருக்கு சார், எடுத்துட்டு வாங்க" என்றார். கொண்டுபோனேன். ஃபார்மேட் செய்து 700 ரூபாய் வாங்கினார். டெஸ்க்டாப்பில் மகள் வைத்திருந்த பள்ளி ப்ராஜெக்ட் படங்கள் போயின. வீட்டுக்கு வந்து போட்டால் அதே கோளாறு. மறுபடி போன். "டிரைவர் பழசா இருக்கும்" என்று வீட்டுக்கு ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் ஏதோ தட்டிவிட்டு 600 ரூபாய் வாங்கிப் போனார். அதே கோளாறு. மூன்றாவது தடவை, "கேம் ஃபைல் சரியில்ல சார், எங்க பொருள்ல குறையே இல்ல" என்று வைத்துவிட்டார்.

இந்த இரண்டு சர்வீஸும் என்ன லட்சணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். வைரஸ் என்று அவர் சொன்ன அந்தச் சத்தமும் கேள்வியும் விண்டோஸின் ஸ்டிக்கி கீஸ் வசதி. ஷிஃப்ட் கீயை அடுத்தடுத்து ஐந்து தடவை அழுத்தினால் அது வரும். பழைய ஆர்கேட் ஆட்டங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிடும் மேம் மென்பொருளில் முதல் ஆட்டக்காரரின் நான்காவது பட்டன் இயல்பாகவே இடது ஷிஃப்ட். முஸ்தஃபாவுக்கு அடி, குதி என இரண்டே பட்டன்தான். ஆனால் ஆட்ட வேகத்தில் பிள்ளைகள் எல்லாப் பட்டனையும் தட்டுவார்கள். ஆகவே அந்தக் கேள்வி வந்தே தீரும். செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழியை நிறுத்த அரை நிமிடம் போதும். அதற்காக ஒரு கம்ப்யூட்டரையே துடைத்திருக்கிறார். இரண்டாவது, டிரைவர். யூஎஸ்பி கீபோர்டுக்குத் தனி டிரைவர் தேவையே இல்லை, விண்டோஸிலேயே இருக்கிறது. ஆர்கேட் என்கோடர் என்று விற்பவற்றுக்கும் பெரும்பாலும் அப்படித்தான்.

உண்மை தெரிந்தது ஓர் இரவில். விளக்கை அணைத்துவிட்டு என் சொந்தக் கீபோர்டில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். கை தவறி கேப்ஸ் லாக் விழுந்தது. ஜாய்ஸ்டிக் பெட்டியின் பின்பக்க ஒயர் துளைக்குள் பச்சையாக ஒரு வெளிச்சம். மறுபடி அழுத்தினேன், அணைந்தது. கேப்ஸ் லாக் போட்டால் விண்டோஸ் இணைந்திருக்கும் எல்லாக் கீபோர்டுகளின் விளக்கையும் சேர்த்தே எரியவிடும். ஜாய்ஸ்டிக் என்கோடருக்குக் கேப்ஸ் லாக் விளக்கு எதற்கு? இணைந்திருக்கும் கருவிகளை விண்டோஸ் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். இரண்டு கீபோர்டுகள் இருந்தன. கேம் கன்ட்ரோலர் பட்டியல் காலி.

அன்றே திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே கைவிரல் நீளத்துக்கு ஒரு போர்டு. மலிவுக் கீபோர்டுகளின் வலது மூலையில் மூன்று விளக்குகளோடு இருக்குமே, அதே போர்டு. அதன் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகத் தெரியும் தொடுபுள்ளிகள் கார்பன் பூசியவை. அதில் ஈயம் பிடிக்காது. பிளேடால் மெதுவாகச் சுரண்டி அடியில் இருக்கும் செம்பு தெரிந்த பிறகுதான் சாலிடர் வைக்க வேண்டும். இங்கே சுரண்டவே இல்லை. ஈயம் உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தது, அதன்மேல் குளூ கன்னால் பசையை ஊற்றி மூடியிருந்தார்கள். விரலால் தொட்டதும் இரண்டு ஒயர்கள் கையோடு வந்துவிட்டன.

அதைவிடப் பெரிய தவறு கறுப்பு ஒயரில் இருந்தது. கீபோர்டில் நூறு கீ இருந்தாலும் நூறு ஒயர் இல்லை. நெடுக்கில் சில தடங்கள், குறுக்கில் சில தடங்கள். என் போர்டில் 8-ம் 18-ம், ஆக 26 புள்ளிகள். ஒரு கீ என்பது ஒரு நெடுக்குத் தடமும் ஒரு குறுக்குத் தடமும் சேரும் இடம், கோலத்தில் கோடுகள் சந்திப்பது போல. ஆகவே ஒவ்வொரு பட்டனின் அடியில் இருக்கும் மைக்ரோ சுவிட்சுக்கும் அதற்குரிய இரண்டு ஒயர்கள் தனியாகப் போக வேண்டும். ஆர்கேட் மெஷினில் அப்படியில்லை. அங்கே எல்லாச் சுவிட்சுகளின் ஒரு கால் பொதுவான கிரவுண்டுக்குப் போகும், ஒரே கறுப்பு ஒயரைச் சங்கிலி போலக் கோத்துவிடலாம். இவர் அந்தப் பழக்கத்தில் கீபோர்டு போர்டுக்கும் சங்கிலி கோத்திருக்கிறார். தனக்கு வேண்டிய கீகள் ஒரே தடத்தில் கிடைக்காததால் மூன்று தடங்களைச் சேர்த்து முறுக்கி அந்தக் கறுப்பு ஒயரில் கட்டிவிட்டார். விளைவு, ஒரு பட்டனை அழுத்தினால் மூன்று கீ வரை ஒன்றாக விழும். பேக்-மேனுக்கு அந்த உபரி எழுத்துகள் தேவையில்லை, அதனால் வீடியோவில் தெரியவில்லை. இரண்டு பேர் ஆடும்போது அந்த உபரி எழுத்துதான் அடுத்தவருடைய குத்து.

இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு பட்டனாக அழுத்துங்கள். ஒரு பட்டனுக்கு ஒரு எழுத்துக்கு மேல் விழுந்தால் ஒயரிங் தவறு. அழுத்தாமலே எழுத்து ஓடிக்கொண்டிருந்தால் மைக்ரோ சுவிட்சில் என்ஓ (அழுத்தினால் மட்டும் இணையும்) காலுக்குப் பதில் என்சி (அழுத்தாதபோதே இணைந்திருக்கும்) காலில் ஒயர் மாட்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் தனியாகச் சரி, மூன்று சேர்த்துப் பிடித்தால் நான்காவது தானாக விழுகிறது அல்லது மூன்றாவது விழவே இல்லை என்றால் அது கோஸ்டிங். தடங்கள் நாற்கரமாகச் சேரும்போது எது அழுத்தியது, எது அழுத்தாதது என்று போர்டுக்குத் தெரியாது. பல கீபோர்டுகளில் மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றும் ஒன்றாக வேலை செய்யாததற்கும் இதே காரணம்தான். டெலிவரி எடுக்கும்போது இதை இரண்டு நிமிடம் செய்திருந்தால் என் பணம் தப்பியிருக்கும்.

பெட்டியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒயரும் சாலிடரும் வாங்கினேன், மல்டிமீட்டர் வீட்டில் இருந்தது. எல்லா ஒயரையும் பிரித்தேன். போர்டைக் கம்ப்யூட்டரில் செருகி, 8 பக்கத்தில் ஒரு புள்ளி, 18 பக்கத்தில் ஒரு புள்ளி என்று துண்டு ஒயரால் தொட்டுத் தொட்டு, என்ன கீ விழுகிறது என்று பார்த்தோம். மொத்தம் 144 சேர்க்கைகள், பல காலி. மகள் கோடு போட்ட நோட்டில் கட்டம் வரைந்து நிரப்பினாள். இரண்டு மாலைகள் ஆயின. அந்தக் கட்டம் கையில் வந்ததும் வழி தெரிந்துவிட்டது. இரண்டு சுவிட்சுகள் 18 பக்கத்தில் ஒரே தடத்தைப் பங்கு போடாவிட்டால் நாற்கரமே உருவாகாது, கோஸ்டிங்கும் வராது.

குச்சிகள் ஐந்து பின் வகை. நான்கு திசைக்கும் ஒரு பொதுக் கால். அதை மாற்ற முடியாது என்பதால், ஒவ்வொரு குச்சிக்கும் 8 பக்கத்தில் ஒரே தடத்தில் இருக்கும் நான்கு கீகளாகத் தேடி எடுத்தோம். அம்புக் கீகள் அப்படி அமையவில்லை, விட்டுவிட்டோம். மேமில் டேப் கீயை அழுத்தினால் வரும் மெனுவில் எந்தக் கீயை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். முதல் ஆட்டக்காரரின் அடிக்கும் குதிக்கும் இடது கன்ட்ரோல், இடது ஆல்ட். அதற்குக் காரணம் உண்டு. வழக்கமான யூஎஸ்பி கீபோர்டு ஒரே நேரத்தில் சாதாரணக் கீகள் ஆறைத்தான் சொல்லும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் வகைக்குக் கணக்கு தனி. இரண்டு குச்சியும் குறுக்கே, அதாவது ஒரே நேரத்தில் இரண்டிரண்டு திசையில், போனால் நான்கு, இரண்டாமவரின் அடி, குதி இரண்டு, சரியாக ஆறு. ஒரு ஆளுக்கு மூன்று பட்டன்களோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்டார்ட்டும் காயினும் மட்டும் தடங்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஆட்டத்தின் நடுவே அவற்றை யாரும் அழுத்துவதில்லை.

இப்போது நன்றாக ஓடுகிறது. ஆகவே கீபோர்டு போர்டை வைத்துச் செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. நெடுநாளாக எத்தனையோ பேர் அப்படிச் செய்து ஆடியிருக்கிறார்கள். "கீபோர்டு போர்டுதான் சார், விலை இவ்வளவு" என்று சொல்லியிருந்தால் நானே யோசித்து முடிவெடுத்திருப்பேன். பில்லில் என்கோடர் என்று எழுதி, இரண்டின் விலையை வாங்கி, பசையால் மூடி, கோளாறை என் கம்ப்யூட்டர் மேல் போட்டு அதற்கும் காசு வாங்கியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

படங்களோடு போய்க் கேட்டேன். "நீங்க திறந்துட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார். பில்லில் வாரண்டி பற்றியோ சீல் பற்றியோ ஒரு வரியும் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன். பதிவு எண் வந்தது, அவர் பதில் சொல்லவில்லை. பிறகு எல்லாவற்றையும் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அதற்கு மட்டும் அசைந்தார். சர்வீஸுக்கு வாங்கிய 1,300 ரூபாயைத் திருப்பித் தந்தார், பெட்டிக்கு ஒரு பைசா தர மாட்டேன் என்றார். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் வாதாடலாம், நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். சின்னத் தொகை என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

மனுவோடு பில் நகல், பசையோடு எடுத்த படங்கள், மகள் நிரப்பிய கட்டம் மூன்றையும் வைத்திருக்கிறேன். திறந்து பார்ப்பவர்கள் எதையும் பிரிப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். நான் இரண்டு ஒயர்கள் கையோடு வந்த பிறகுதான் எடுத்தேன், அதையே அவர் "நீங்களே பிய்த்தது" என்கிறார். ஏற்கெனவே பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் இன்று இரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, உங்கள் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை ஒரு தடவை அழுத்தி, ஒயர் துளையைப் பாருங்கள்.